விலக்கி வைத்த விடைத்தாள்கள்

பூபதிராஜாவின் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. அதில் அவனுக்குக் குறையொன்றும் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாந்தோப்பு இருந்தது, வடக்கே லாரி லாரியாகப் பழம் போய்க்கொண்டிருந்தது. அவன் மனைவி மௌனிகாவின் படிப்புதான் நிற்கவே இல்லை. எம்.எட். முடித்து, பக்கத்துச் சித்தூரில் சில வருடம் பாடம் எடுத்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் கல்வி உளவியலில் பிஎச்.டி.க்குச் சேர்ந்தாள்.

"பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குப் படிக்கறது சரி. அதுக எப்படிக் கத்துக்குதுன்னு பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது பூபதிராஜா சிரித்து மழுப்பினான். அவனுக்கே அது பிடிபடவில்லை.

ஒருநாள் அவள் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தாள். "ஏனுங்க, இந்தப் பக்கத்த ஒருக்காப் படிங்க. படிச்சுப்போட்டு மூடி வெச்சுட்டு ஞாபகம் இருக்கறத எழுதுங்க."

அவன் தலையைச் சொறிந்து சொறிந்து நாலு வரி எழுதினான். பத்து நாள் கழித்துத் தோப்பில் மருந்தடித்துக்கொண்டிருந்தவனிடம் அதே கேள்வியைக் கேட்டாள். நாலு வரியும் அப்படியே வந்தன. அவனுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

"திரும்பத் திரும்பப் படிச்சா மனசுல நிக்கும்னு நெனைக்கறோம். மூடி வெச்சுட்டு மெனக்கெட்டு ஞாபகப்படுத்தினா இன்னும் நல்லா நிக்குமுங்க. நம்ம பிள்ளைகளுக்கும் அது பொருந்துதான்னு பாக்கறதுதான் என்ற வேலை."

அதற்காக இரண்டு தமிழ் வழிப் பள்ளிகளை எடுத்துக்கொண்டாள். ஒன்று சித்தூரில், மற்றொன்று மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். ஒவ்வொன்றிலும் வகுப்பை இரண்டு குழுவாகப் பிரித்தாள். ஒரு குழு பாடத்தை இரண்டு தடவை வாசிக்கும். இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எழுதும். எட்டு வாரம் இப்படி நடத்திவிட்டுத் தேர்வு வைத்தாள். சித்தூரில் மூடி எழுதிய பிள்ளைகள் நாற்பதுக்குச் சராசரியாக நாலு மதிப்பெண் கூடுதலாக வாங்கினார்கள். எஸ்டேட்டில் பதினொன்று கூடுதல்!

அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஜானகியம்மாள், கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர், லேசில் பாராட்டாதவர். அவரே அந்தப் பதினொன்றைப் பார்த்துப் பூரித்துப் போனார். பெங்களூரில் நடக்கவிருந்த கருத்தரங்கில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்.

ஜனவரியில் முதல் காய் பறிப்பு. பூபதிராஜா கொட்டகையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். மௌனிகா ஓரமாக உட்கார்ந்து எஸ்டேட் விடைத்தாள்களை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள். "இலையோட மூக்கு அடிப்புறத்துல இருக்குதுன்னு எழுதியிருக்குது பாருங்க ஒரு பிள்ளை. இலை மூச்சு விடற துளையத்தான் சொல்லுது." அடுத்த தாளிலும் மூக்கு இருந்தது. அதற்கடுத்த தாளிலும். அவள் சிரிப்பு நின்றது. எண்ணிப் பார்த்தாள். மூடி எழுதிய பத்தொன்பது பேரில் பதினாலு பேர் இலைக்கு மூக்கு வைத்திருந்தார்கள்.

"பாடத்துல மூக்கே கெடையாதுங்க. ஆரோ தனியாச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"சொல்லிக் குடுத்தா நல்லதுதானே?"

"பிள்ளைகளுக்கு நல்லது. என்ற கணக்குக்கு ஆகாது. மார்க்கு எதனால வந்துச்சுன்னு இனி எப்படிச் சொல்றது?"

பூபதிராஜா கையிலிருந்த காயைக் கீழே வைத்தான். மூன்று வருடமாக அவள் பட்ட பாட்டைப் பார்த்தவன் அவன். "புள்ள, இது உனக்கும் எனக்குந்தான் தெரியும். ஆரு போயி மூக்க எண்ணப் போறாங்க? உட்டுப்போடு."

அவள் தாள்களை வரிசை கலையாமல் அடுக்கிக் கட்டினாள். "நாளைக்கு எஸ்டேட்டுக்குப் போகோணுமுங்க. வண்டி எடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உடுமலை, சின்னாறு, மறையூர் என்று ஐந்து மணி நேரப் பயணம். வழியெல்லாம் பூபதிராஜா, அந்த ஆசிரியர் இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினான்.

ஆசிரியர் அருண்பாண்டி வாசலுக்கே ஓடிவந்தார். எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, அங்கேயே படித்து, அந்தப் பள்ளிக்கே வேலைக்கு வந்தவர். மூக்கைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நான்தான் மேடம் சொன்னேன்! தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பத்தொம்பது பேரையும் உக்கார வச்சு, தேயிலையத் திருப்பிக் காட்டிச் சொல்லிக் குடுத்தேன். மத்த பிள்ளைக ரெண்டு தடவ வாசிக்குதுக, இதுக ஒரு தடவதானே வாசிக்குதுக? பாவமா இருந்துச்சு. தோத்துரக் கூடாதுல்லா?"

மௌனிகா சொன்னாள், "உங்க பாடம் அருமைங்க சார். பதினாலு பிள்ளைக மறக்கல பாருங்க. ஆனா மார்க்கு புஸ்தகத்த மூடினதால வந்துச்சா, உங்களால வந்துச்சான்னு எனக்கு இப்பத் தெரியாது."

அருண்பாண்டியின் முகம் வாடிப்போனது. "ஐயோ, உங்க படிப்பையே கெடுத்துட்டேனா மேடம்?"

"தப்பு எம்மேலதாங்க. எதுக்காக இப்படிப் பிரிச்சோம்னு உங்களுக்கு வெளக்கமாச் சொல்லாம உட்டது நான். வர்ற பள்ளிக்கூட வருசம் புதுப் பிள்ளைகள வெச்சு மறுபடி பண்ணறேன். கூட இருப்பீங்களா?"

வாசலில் நின்றிருந்த பூபதிராஜாவுக்கு நேற்றுத் தான் சொன்னதை நினைத்துக் கூச்சமாக இருந்தது.

ஜானகியம்மாள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இதுக்காக ஒரு வருஷத்தைத் தூக்கிப் போடுவாளாடி? சித்தூரை மட்டும் வச்சுண்டு எழுதேன்."

"சித்தூர வெச்சு எஸ்டேட் பிள்ளைகளப் பத்திப் பேச முடியாதுங்க டீச்சர்."

கடைசியில் அவரே, பெங்களூருக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்.

ஜூலையில் எஸ்டேட்டில் மறுபடி தொடங்கினாள். மாம்பழக் காலம் முடிந்திருந்ததால் எட்டு வாரமும் பூபதிராஜாவே வண்டி ஓட்டினான். ஒரு வெள்ளிக்கிழமை, மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் அவனும் அருண்பாண்டியும் நின்றிருந்தார்கள். உள்ளே ஒரு சிறுமி வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு அழும் நிலையில் இருந்தாள். மௌனிகா பக்கத்தில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தாள். விடையைச் சொல்லவில்லை. "ஒரு வார்த்தை எழுது கண்ணு. தப்பா இருந்தாலுஞ் சரி." சிறுமி வெகு நேரம் கழித்து ஒரு வார்த்தை எழுதினாள். அது ஒரு வரியானது. மணி அடிக்கும்போது முக்கால் பக்கம் நிறைந்திருந்தது. அவ்வளவு நேரமும் மௌனிகா கால் மாற்றாமல் அங்கேயே இருந்தாள்.

அருண்பாண்டி ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். "எனக்கு விடை நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு அண்ணாச்சி. மேடம் எப்படித்தான் சொல்லாம இருக்காங்களோ!"

தேர்வு முடிந்து கணக்குப் போட்ட அன்று மௌனிகா தோப்புக்கே ஓடிவந்தாள். "ஆரும் தனியாச் சொல்லிக் குடுக்காமயே எஸ்டேட்ல அஞ்சுங்க! சித்தூர்ல நாலு, அங்க அஞ்சு!" பதினொன்றுக்கு அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பாதியாகக் குறைந்த ஒரு எண்ணுக்காக ஒருத்தி இப்படிக் குதிப்பதைப் பூபதிராஜா அன்றுதான் பார்த்தான். யாரிடமாவது சொல்லிப் பெருமைப்பட வேண்டும் போலிருந்தது. உர மூட்டை இறக்க வந்திருந்த லாரி டிரைவரிடமே சொன்னான்.

ஒன்றரை வருடம் கழித்து வாய்மொழித் தேர்வு நடந்தது. பூபதிராஜா கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் விடியற்காலைப் பேருந்தில் இறங்கி வந்திருந்த அருண்பாண்டி. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பல கேள்விகள் கேட்டார். முக்கால்வாசி பூபதிராஜாவுக்குப் புரியவில்லை. கடைசியில் அவர் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தார். முதல் ஆண்டு எஸ்டேட் விடைத்தாள்களை ஏன் விலக்கினேன், அதில் என் பிழை என்ன என்று மௌனிகா எழுதியிருந்த பக்கம் அது. அதை உரக்கப் படித்துவிட்டு, "நல்ல முடிவுகளை நிறையப் பேர் கொண்டுவருகிறார்கள். இந்தப் பக்கத்தை எங்கள் மாணவர்களுக்கு நான் படித்துக் காட்டப் போகிறேன்" என்றார். ஜானகியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்ததும் அருண்பாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளைக மலையாளத்துல வாசிச்சிட்டுத் தமிழ்ல ஞாபகப்படுத்தி எழுதுனா என்னாகும்? யாரும் பாத்திருக்காகளா?"

மௌனிகா நின்றுவிட்டாள். "உக்காருங்க சார், சொல்லுங்க" என்று மரத்தடியில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். இருவரும் தாளை எடுத்துப் புது ஆய்வுக்குக் கட்டம் போட ஆரம்பித்தார்கள். இனி ஒரு மணி நேரத்துக்கு யாரும் கிளம்பப் போவதில்லை என்று பூபதிராஜாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போன் போட்டு, "எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்க சாப்புட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, மூன்று டீ வாங்கக் கேண்டீன் பக்கம் நடந்தான்.