இருபத்தேழாவது கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எந்தக் கதைதான் அப்படிப் பிறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நான் சொல்வது அலுவலகப் பொய். தட்டச்சு செய்து, நகல் எடுத்து, பச்சை உறையில் போட்டு, ஒன்பது பிரிவுகளுக்கும் சுற்றுக்கு விட்ட பொய். விட்டவள் நான். ஏன் விட்டேன் என்றால், எரிச்சல்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் வெளிச்சம் எப்போதுமே—" வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துக் காலை மடக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். இன்னொரு தொடக்கம்: "அவளுக்கு நாற்பது வயதிருக்கும், முகம்—" இதையும் அடித்துவிட்டேன். அவள் முகத்தை நான் எழுதப்போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். [சொல்லாமல் விட்டால்தான் எனக்கு நல்லது. இன்னும் முடிவு செய்யவில்லை.]

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அதுதான் சுலபம்.

2

நான் பருவ இதழ்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அது போதாதென்று பதினோரு வருஷமாக இன்னொரு வேலையும் என் தலையில்: ஊழியர்களுக்கான "திங்கள் தாள்". ஒரே தாள், இரண்டு பக்கம். யார் ஓய்வு பெறுகிறார், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த மாடியில் வண்ணம் அடிக்கிறார்கள், புது மென்பொருள் பயிற்சி எந்த அறையில் என்பதெல்லாம் அதில் வரும். திங்கள் காலை பத்து மணிக்கு உறை கிளம்பும், புதன் மாலை திரும்பும். கூடவே ஒரு பெயர்ப்பட்டியல். இருபத்தாறு பேரும் தங்கள் பெயருக்கு எதிரே "படித்தேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். மின்னஞ்சலைத் தலைமை நூலகர் நம்பமாட்டார்.

"எனக்கு யாரும் சொல்லலையேன்னு ஒருத்தர் வாயிலிருந்தும் வரக்கூடாதும்மா" என்பார்.

கையெழுத்துப் போட்டார்கள். படித்தார்களா? லிஃப்ட் மூன்று நாள் ஓடாது என்று கொட்டை எழுத்தில் போட்ட வாரம், லிஃப்ட் வாசலில் ஆறு பேர் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றார்கள். "என்ன மேடம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் நூற்பட்டியல் பிரிவுக்காரர். எனக்கு ரத்தம் கொதித்தது. பதினோரு வருஷம் யாருக்காக எழுதிக் கிழித்தேன்?

அந்த வாரம் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஓரங்குல இடம் மிச்சமிருந்தது. வீம்புக்கு எழுதினேன்: "அடித்தள நூல் அடுக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் திருமதி இன்னாரை வரவேற்கிறோம்." ஒரு பெயரும் போட்டேன். பட்டியலிலும் அதை இருபத்தேழாவதாகச் சேர்த்தேன். யார் இது என்று ஒருவராவது வந்து கேட்கட்டும், பிடித்துக்கொள்கிறேன் என்று காத்திருந்தேன். [அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அவளுக்குக் கொஞ்சம் பலம் கூடுகிறது.]

யாரும் வரவில்லை. புதன்கிழமை உறை திரும்பியது. இருபத்தேழு கையெழுத்து இருந்தது.

3

எனக்கே யாரோ திருப்பிக் குறும்பு செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கட்டும் பைண்டிங் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணே, கீழே புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்களாமே?"

"ஆமாங்க. தங்கமான மனுஷி. அதிகம் பேசமாட்டாங்க."

"பார்த்தீங்களா?"

"பார்க்காம? படிக்கட்டுல தினமும் பார்க்கிறேனே."

"எப்படி இருப்பாங்க?"

அவர் பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "எங்க அண்ணி சாயல் இருக்கும். அண்ணி இறந்து எட்டு வருஷமாச்சு. ஆனா அண்ணி எப்படி இருப்பாங்கன்னு கேட்டா..." அப்படியே நிறுத்திவிட்டார். நான் கிளம்பும் வரை அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

நூற்பட்டியல் பிரிவுக்காரருக்கு அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் மாதிரி தெரிந்தாள். இரவல் மேசையிலிருக்கும் பெண்ணுக்குச் சின்னம்மா மாதிரி. ஆளுக்கு ஒரு சாயல் சொன்னார்கள். ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

அடுத்த திங்கள் தாளில் திருத்தம் போட்டேன், முதல் பக்கத்தில், கட்டம் கட்டி: "சென்ற இதழில் குறிப்பிட்டபடி யாரும் பணியில் சேரவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்." இருபத்தாறு பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தேழாவது ஆள் படித்திருந்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால், பொடி எழுத்தில்: "படித்தேன். பரவாயில்லை. ஆனால் மாலை ஐந்தரைக்கு மேல் நான் எங்கே போவது என்று எந்த இதழிலும் போடவில்லையே?"

பதினோரு வருஷத்தில் என் தாளை வரி விடாமல் படித்த ஒரே வாசகி. பயந்தேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

4

இப்போது என் தோழி வர வேண்டும். அடித்தளத்துக்குப் பொறுப்பாளர். பதினாறு வருஷமாகச் சூரியனைப் பார்க்காமல் வேலை செய்வதால் நாங்கள் அவளைப் பாதாளம் என்போம், அவளும் "பாதாளம் பேசறேன்" என்றுதான் உள்தொலைபேசியை எடுப்பாள். எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சிரிக்க ஆரம்பித்தால் மேல்மாடி வாசகர்கள் புகார் கொடுப்பார்கள். வேறு ஊரில் படிக்கும் ஒரே மகள், மதியம் ஒரு மணிக்குத் தவறாமல் அம்மாவைக் கூப்பிடுவாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் பாதாளம் காலையில் எழுந்திருக்கிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

[இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. இவள் நிஜம். இவளுக்காகத்தான் எழுதுகிறேன்.]

திருத்தம் போட்ட மறுவாரம் பாதாளம் சொன்னாள்:

"அக்கா, அந்தம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

"எந்தம்மா?"

"நம்ம புது ஆள்தான். சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் சுவரைப் பார்த்து நின்னுட்டிருந்தாங்க. போக இடமில்லைன்னாங்க, பாவம். பொண்ணு ரூம் சும்மாதானே கிடக்கு."

"வீட்டுல என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் தொந்தரவில்லக்கா. சாப்பாடுகூட வேண்டாங்கிறாங்க. என்னை உட்காரவச்சு கதை கேக்கிறாங்க. நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க, அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு. என்கிட்ட இதெல்லாம் யாருக்கா கேட்டிருக்காங்க? நானும் கொட்டித் தீர்த்துட்டேன்."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் மேலே என் பிரிவுக்குப் போய்விட்டேன்.

5

[இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் என்னை நல்லவளாக்கப் பார்த்தேன். இது ஐந்தாவது.]

இரண்டு வாரம் கழித்துப் பாதாளம் ஒரு புத்தகத்தைத் தேடி அடுக்கு அடுக்காக அலைந்தாள். அடுத்த வாரம், "அக்கா, நான் எந்த ஸ்கூல்ல படிச்சேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேனா?" என்று கேட்டாள். வயசாகுது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மேல்மாடிக்குக் கேட்கவில்லை.

எனக்குப் புரிய ஆரம்பித்தது. நான் அந்த இருபத்தேழாவது ஆளுக்கு ஒரு வேலையும் ஒரு பெயரும் மட்டும் கொடுத்தேன். ஓரங்குலத்தில் அதற்கு மேல் இடமில்லை. பிறந்த ஊரோ தாயோ அடிபட்ட தழும்போ இல்லாத ஒருத்தி, பக்கத்தில் இருப்பவரிடமிருந்துதானே எடுத்துக்கொள்வாள்? சோம்பேறித்தனமாக எழுதியது நான், விலை கொடுப்பது பாதாளம்.

சரி, நானே கொடுக்கிறேன் என்று திங்கள் தாளில் "நம் தோழரை அறிவோம்" என்று ஒரு பத்தி தொடங்கினேன். கடலோர ஊரில் பிறந்தவர் என்று எழுதினேன். பென்சில் குறிப்பு வந்தது: "இது ஒட்டவில்லை." கற்பனை அவளிடம் நிற்காது போலிருக்கிறது. அடுத்த வாரம், ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் தழும்பு உண்டு என்று எழுதினேன். அது என் தழும்பு. குறிப்பு வந்தது: "நன்றி. இது சரியாக இருக்கிறது." அன்று குளிக்கும்போது முழங்காலைப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. எந்தத் தெருவில் விழுந்தேன் என்று இப்போதும் தெரியாது. விழுந்தேன் என்பதற்கே தாளில் நான் எழுதிய வரிதான் சாட்சி.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு அடித்தளத்துக்குப் போனேன். பாதாளம் மேசையில் டிபன் பெட்டியைத் திறந்து வைத்து, சாப்பிடாமல் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அடுக்குகளுக்கு அந்தப் பக்கம் யாரோ தொலைபேசியில் பேசினார்கள். பாதாளத்தின் குரல், பாதாளத்தின் வார்த்தைகள்.

"சாப்பிட்டியா கண்ணு? குடை எடுத்துட்டுப் போனியா? பொய் சொல்லாதே, உன் குரல்லயே தெரியுது."

பாதாளம் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "அவங்க பொண்ணு. தினமும் இந்நேரத்துக்குக் கூப்பிடுது. குடுத்து வச்சவங்க, இல்லக்கா?"

"அது உன் ஃபோன்டி."

"அப்படியா?" என்றாள் மரியாதையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுவது போல.

புத்தகங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் ஒரு கை மட்டும் தெரிந்தது. காதில் வைத்த தொலைபேசியும் விரலிடுக்கில் பென்சிலும். நான் ஓடிவிட்டேன். ஆமாம், தோழியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: உண்மையை ஒப்புக்கொள்வது. தலைமை நூலகரிடம் போய், அப்படி ஒரு ஆளே கிடையாது, நான் இட்டுக்கட்டினது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த நூலகத்துல உங்க தாளை ஒழுங்கா படிக்கிறது அவங்க ஒருத்தர்தான். அவங்களைப் போய் இல்லைங்கிறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றார். அந்த முடிவு அவர் அறையிலேயே முடிந்தது.

இரண்டாவது: இரங்கல் செய்தி. "நம் அன்புத் தோழர் நேற்று—" வரை தட்டச்சு செய்துவிட்டேன். விரல் நின்றுவிட்டது. அவள் போனால், அவளிடம் இருப்பதெல்லாம் அவளோடு போகும். பாதாளத்தின் பள்ளிக்கூடமும் மகளும்கூட.

மூன்றாவது, கேட்பது. உறையில் ஒரு துண்டுச்சீட்டு வைத்தேன்: "அவளுடையதை அவளிடம் கொடுத்துவிடு." புதனன்று பதில் வந்தது: "தாராளமாக. எனக்கென்று இருந்தால் அடுத்தவர் பொருள் எதற்கு? எனக்கு ஒரு வீடு எழுதுங்கள்."

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. குறை என்னுடையது.

வீட்டுக்கு இரண்டு பக்கத் தாளில் ஏது இடம்? அதனால்தான் இந்தக் கதை. அவளுடைய வீட்டை எழுதுகிறேன்:

மாலை ஐந்தரை. அவள் தெரு திரும்பி நடக்கிறாள். கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் அவளுக்கு நன்றாகப் பழகிய ஒரு வாசனை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்பி, "வந்துட்டியா?" என்கிறார். சின்ன வயதில் வைத்த செல்லப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

அவ்வளவுதான். மெதுவாகப் படித்தீர்களா?

7

இந்த வடிவத்தை முதலில் என் கொழுந்தனாருக்குக் கொடுத்தேன். படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

"அண்ணி, எங்க பழைய வீட்டு வாசக்கதவு என்ன கலர்? ராத்திரியிலிருந்து யோசிக்கிறேன், வரமாட்டேங்குது."

தெரியாது தம்பி என்றேன். அன்று பாதாளம் தன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள். நான் மேசையில் தலை வைத்து அழுதேன். அடுத்து எங்கள் பிரிவுத் தட்டச்சருக்குக் கொடுத்தேன். அவர் என்ன இழந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. பாதாளம் அன்று ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தாள்.

அவள் முகத்தையும் கதவின் நிறத்தையும் நான் எழுதவில்லை. வாசனை எது என்றும், நாற்காலியில் இருந்தவர் யார் என்றும், அந்தச் செல்லப்பெயரையும் எழுதவில்லை. எழுதுகிறவர்கள் விட்டுவிடுவதைப் படிக்கிறவர்கள் தங்கள் கையிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்வார்கள். காலங்காலமாக நடப்பதுதான், யாரும் கவனிப்பதில்லை. இந்த முறை அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறாள்.

பாதாளத்துக்கு மகளின் பெயர் இன்னும் வரவில்லை. நேற்றும் ஒரு மணிக்கு அவள் கை தொலைபேசியை நோக்கிப் போகவில்லை. மகள் என்பது பெரிய பொருள், இரண்டு மூன்று வாசகர்களால் தீராது. அதனால்தான் இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் படித்திருக்கமாட்டீர்கள். என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது, அவளைப் பதினாறு வருஷமாகத் தெரியும்.

கதையின் முடிவு இனி என் கையில் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஜன்னலோர நாற்காலியில் யாரைப் பார்த்தீர்களோ, அவர் உங்களுக்கு யார் என்பதை நினைவிருக்கும்போதே எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.