கடைசிப் பிள்ளை போன பிறகு

மற்ற குழந்தைகள் அம்மாவை நினைத்து அழக் கூடாது என்பதால், பகலில் என் மகளும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தும் நான் போட்ட சட்டம் அது.

அன்று மாலை வரிக்கணக்கு பார்ப்பவர் போனில் கேட்டார்: "உங்க வேலை எத்தனை மணிக்கும்மா முடியுது? அதை வச்சுத்தான் வாடகையில ஒரு பங்கைச் செலவாக் காட்டி வரியைக் குறைக்க முடியும்."

"கடைசிப் பிள்ளை ஆறு மணிக்குப் போயிடும் சார். அப்புறம் பொம்மை கழுவணும், பாய் துடைக்கணும்."

"அதுவும் வேலைதான். எல்லாம் எப்ப முடியும்?"

"அது தெரிஞ்சா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேனே!" என்று எரிந்து விழுந்தேன்.

ஈரத் துணியோடு நிமிர்ந்தால், எதிரே மகள் நின்றாள்.

"ஆன்ட்டி, இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"