குனியாத சாட்சி

ஏட்டு கொண்டுவந்த மஞ்சப்பை குடிசைக்குள் போகும்போதே கனமாகத்தான் இருந்தது. கெங்கம்மாள் பார்த்தாள். பார்த்து என்ன, அவள் குடிசைக்குள் அவளையே விடவில்லையே.

வாசலில் அவள் புருஷன் துலுக்கானம், கழுத்தில் கான்ஸ்டபிளின் கை. கம்பெனியில் முதல் ஷிப்டுக்குப் புறப்பட்டவன். "இன்னாத்துக்கு சார் புடிக்கிறீங்க?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். டேசனில் சொல்வார்களாம். பிடிக்கிறவன் காரணம் சொல்ல வேண்டும் என்று புது அரசியல் சட்டப் புத்தகத்தில் அச்சாகி வருஷம் ஒன்றாகிறது. புத்தகம் இன்னும் கள்ளிக்குப்பம் வந்து சேரவில்லை.

காரணம் தெருவுக்கே தெரியும். ஊர்த்தெரு வரலட்சுமி வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழைக் காணோம். அங்கே பாத்திரம் தேய்ப்பவள் கெங்கம்மாள்; அவளைக் கூப்பிடப் போய் வருகிறவன் துலுக்கானம். வரலட்சுமியின் தம்பிக்குச் சீட்டாட்டம் உண்டு என்பதும் தெருவுக்குத் தெரியும்தான். அதைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை.

வீட்டைச் சோதனை போட்டால், சட்டப்படி அந்த இடத்து மரியாதைப்பட்டவர்கள் உடன் நின்று பார்க்க வேண்டும். கெங்கம்மாள் இருக்கும் காலனியில் நாற்பது வீடு. ஏட்டுக்கு ஒரு மரியாதைப்பட்டவர்கூட அகப்படவில்லை. ஊர்த்தெருவிலிருந்து நாகேந்திரனைக் கூட்டி வந்திருந்தார். அவரோ வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருக்குழாயோடு நின்றுவிட்டார். அதைத் தாண்டிக் காலனிக்குள் அவர் பரம்பரையில் யாரும் கால் வைத்ததில்லை. அதில் ஒரு பெருமை.

உள்ளே பானைகள் உருளும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. கெங்கம்மாள் குழாயடிக்கு, நாகேந்திரனிடம் ஓடினாள்.

"ஆண்டே, ஒரு தபா உள்ள வந்து பாரு. பாத்துட்டு கையெய்த்துப் போடு."

அவள் நிழல் பட்டுவிடுமோ என்று அவர் ஓரடி பின்வாங்கினார். ஏட்டு சிமிழோடு வெளியே வந்தார். அரிசிப் பானையில் இருந்ததாம். பை இப்போது தொளதொளவென்று தொங்கியது. சிமிழ் எடுத்ததை எழுதிய மகசரில் 'என் முன்னிலையில்' என்ற வரிக்குக் கீழே நாகேந்திரன் அழகாகக் கையெழுத்திட்டார்.

கம்பெனித் தொழிலாளர் யூனியன் பிடித்துக் கொடுத்த வக்கீலிடம் கெங்கம்மாள் அந்தக் குழாயடிக் கதையை மட்டும் சொன்னாள். மூன்று மாதம் கழித்துக் கோர்ட்டில் வக்கீல் பணிவாகக் கேட்டார்: வாசல் தாழ்வாயிற்றே, குனிந்துதானே உள்ளே போனீர்கள்?

நாகேந்திரனின் சொந்தபந்தமெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்தது. ஆமாம் என்றால் துலுக்கானம் ஜெயிலுக்குள் போவான். ஆனால் அவர் அன்றிரவு எந்த முகத்தோடு வீட்டுக்குள் போவது? நெஞ்சை நிமிர்த்தினார்.

"அந்த ஊட்டுக்குள்ளயா? நானா? கொயாயத் தாண்டல சார்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

துலுக்கானம் விடுதலையானான். கம்பெனியில் அவன் இடத்தில் வேறு ஆள். மானம் காத்தவர் என்று நாகேந்திரனை ஊர்த்தெரு மெச்சியது. கோர்ட் வராந்தாவில் பீடி பற்றவைத்த ஏட்டு, கெங்கம்மாள் காதில் விழும்படியே கான்ஸ்டபிளிடம் சொன்னார்: "அடுத்த தபா குனியத் தெரிஞ்ச சாட்சியா பாத்து இட்டாரணும்யா."

வீட்டுக்கு வந்ததும் அவள் பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். இருந்த அரிசியைத் துணியில் முடிந்து, வாசல் கம்பில் கட்டித் தொங்கவிட்டாள். இனி அதில் எவன் எதைப் போட்டாலும் நாற்பது வீடும் பார்க்கட்டும்.