எண்ணெய்க் கப்பலின் வெள்ளைத் துணி

…அந்தத் துணியாக இருக்காது, கப்பல்காரன் வீடு ஒவ்வொன்றிலும் கிடந்ததுதானே, என்று இரணியல் பஸ்ஸில் நேசையன் தனக்குத் தானே வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மனைவி ஜெயபாய் இருமினாள், மடியிலிருந்து எக்ஸ்ரே உறை நழுவியது, பிடித்துக்கொண்டார். முதலில் காசமோ என்று இரண்டு பேரையும் படம் எடுத்த நாகர்கோவில் டாக்டர், பிறகு இவளிடம், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தீர்களா அம்மா என்றார், இவள் சிரித்துவிட்டாள், "நான் அடுப்பாங்கரைய விட்டு எங்க போனேன் டாக்டரே?" அப்போதாவது இவர் வாயைத் திறந்திருக்கலாம்… திறந்து என்ன, இனி மருந்தில்லை என்று அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாரே. அவர் வேலை பார்த்தது கடற்படையின் எண்ணெய்க் கப்பல், நடுக்கடலில் குழாய் நீட்டிப் போர்க்கப்பல்களின் வயிற்றை நிரப்புகிற கப்பல், மற்றவை கரைக்குத் திரும்பினாலும் இது திரும்பாது, மகள் ஜாஸ்பின் பிறந்ததே அவருக்குத் தந்தியில்தான் தெரியும். ஆயுள் முடிந்தது என்கிறபோதெல்லாம் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினார்கள், அப்படி ஒரு பழுதுவேலையில்தான் நீராவிக் குழாய்களுக்குச் சுற்ற அந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் துணி சுருள் சுருளாக வந்தது, தீப்பிடிக்காது, சூடேறாது, போதாதா, லீவுக்குப் போகிறவன் எல்லாம் சோப்போடும் டார்ச் லைட்டோடும் ஒரு துண்டைப் பெட்டியில் மடித்து வைத்தான். ஜெயபாய்க்கு அதில் எத்தனை பெருமை, அடுத்த வீட்டு லீலாபாய் கேட்டும் கொடுக்கவில்லையே, மரச்சீனிக் கிழங்குப் பானையை அதைப் பிடித்துத்தான் இறக்குவாள், வாசலில் நின்று படீர் படீரென்று உதறுவாள், தூசி வெயிலில் மினுங்கும், பார்க்க அழகாகக்கூட இருந்தது, சீ… கப்பலையாவது போன வருஷம் அந்தி சாயக் கொடியிறக்கி மரியாதையாக உடைக்க அனுப்பினார்கள், ஃபோனில் படத்தைப் பார்த்து அழுதார், இரும்புக்கு அழுத கண் இன்றைக்கு வறண்டு கிடக்கிறது, நானெல்லாம் என்ன மனுஷன்.

வில்லுக்குறி தாண்டியதும் ஜெயபாய் அவர் முழங்கையைத் தொட்டாள். "ஒங்க படத்தப் பாத்துட்டு டாக்டரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லியாம்."

"ஸ்தோத்திரம்," என்று கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த எண்ணெயிலயும் பொகையிலயும் கெடந்தியளே, அவருக்கு வாறத எனக்குத் தாரும் ஆண்டவரேன்னு அப்பமே ஜெபிச்சேன். கேட்டுட்டாரு, பாத்தியளா?"

அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. இனி எப்படிச் சொல்வது, சொன்னால் மிச்சமிருக்கிற அந்த ஒன்றையும் அவளிடமிருந்து பறித்ததாகாதா, சொல்லாவிட்டால் தன் பழியைக் கர்த்தர் தலையில் போட்டதாகாதா…