டாக்டர் அடித்த நேரான பந்து

கோல்ஃப் மைதானத்தில் டாக்டருக்குப் பை தூக்கியே என் தோள் தேய்ந்துவிட்டது. தூரமாக அடிக்கும் டிரைவர் என்ற மட்டையால் அவர் அடிக்கும் பந்து எப்போதும் வலப்பக்க மரங்களுக்குள்தான் போகும். இன்றும் மச்சினரிடம் தோற்றால் விளையாட்டையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். பந்து வலப்பக்கம் ஓடாமலிருக்க, மட்டையின் தலையில் திருகிப் பொருத்தியிருக்கும் சின்ன எடையை இடம் மாற்றச் சொன்னார் டாக்டர். கழற்றினேன். மறுபடி பொருத்துவதற்குள் மட்டையைப் பிடுங்கி அடித்துவிட்டார். பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. ஜெயித்தும்விட்டார்.

“மாமா, எடைய எந்தப் பக்கம் வச்சீங்க?” என்றார் மச்சினர்.

“நீயே சொல்லுப்பா. அவனும் பொழச்சுப் போகட்டும்” என்றார் டாக்டர் என்னிடம்.

எடை என் சட்டைப் பையில் கிடந்தது.

“எல்லாம் ஐயாவோட கைவாகுங்க. எடையில ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.