எல்.கே.ஜி.க்குப் போன திராட்சைக் கொடி

சுருளிப்பட்டி ஈஸ்வரபாண்டி வீட்டுத் திராட்சைக் கொடி, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், அவருடைய மகள் அனுசுயா ஏறிப்போன வேனுக்குப் பின்னாலேயே கம்பத்துக்குக் கிளம்பியது. அன்றைக்கு ஊரில் பெரிய பேச்சு பன்னீர்த் திராட்சை விலை இறங்கிப்போனதுதான். கொடி கிளம்பியது அதற்கு அடுத்த பேச்சு. பந்தலை விட்டு இறங்கி, வேலியைத் தாண்டி, முதல் மின்கம்பத்தைப் பிடித்து ஏறி, வயருக்கு ஒரு முழம் கீழாகவே மரியாதையாகப் போனது. நாராயணத்தேவன்பட்டியில் லைன்மேன் கருத்தக்கண்ணன் அரிவாளோடு ஏணியில் ஏறினார். யார் வீட்டுக் கொடி, எங்கிட்டுப் போகுது என்று விசாரித்தார். எல்.கே.ஜி.க்கு என்று கீழே நின்றவர்கள் சொன்னார்கள். அவர் வீட்டிலும் ஒன்று அந்த வருடம் எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தது. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, தொய்ந்து கிடந்த இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கிவிட்டார். சனிக்கிழமைக்குள் கொடி கம்பம் போய்ச் சேர்ந்து, பள்ளிச் சுவர் ஏறி, எல்.கே.ஜி. ‘பி’ பிரிவு ஜன்னலில் தலையை நீட்டியது.

ஈஸ்வரபாண்டி அந்த வட்டாரத்தில் பேர்போன கவாத்துக்காரர். திராட்சை காய்க்க வேண்டுமானால் கொடியை ஒட்ட வெட்டிவிட வேண்டும். அப்படி வெட்டுவதற்கு இரக்கம் பார்க்காத கை வேண்டும். அந்தக் கை அவருக்கு இருந்தது. அவர் மனைவி மாரீஸ்வரி விடியற்காலை ஜீப்பில் கேரளத்து ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வந்தவள். இரண்டு பேர் வம்சத்திலும் கழுத்தில் டை கட்டிய ஆள் கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது கட்டணம் ஒன்றுதான் என்றார்கள். கட்டிய பிறகுதான் அது குட்டி போடும் என்று தெரிந்தது. டை, பெல்ட், பள்ளிப் பேர் அச்சடித்த நோட்டு, கருப்பு ஷூ, புதன்கிழமைக்கு மட்டும் வெள்ளை ஷூ, எல்லாவற்றையும் பள்ளியிலேயே வாங்க வேண்டும். வீட்டில் நின்ற கிடாய் இரண்டும் ஷூவாகவும் பெல்ட்டாகவும் மாறின. அதில் மாயம் ஒன்றும் இல்லை, சந்தையில் விற்றதுதான். கொடி போய்ச் சேர்ந்து விளையாட்டு மைதானத்தில் நிழல் விழுந்ததும், பள்ளி எல்லாப் பெற்றோருக்கும் ‘பசுமை வளாகக் கட்டணம்’ என்று ஒன்று போட்டது. தன் வீட்டுக் கொடியின் நிழலுக்கு ஈஸ்வரபாண்டியும் வரிசையில் நின்று கட்டினார். கேட்டால், எம் மக நிழல்லதான விளையாடுறா என்பார்.

தோட்டத்து வேலைக்குப் போகாத நாட்களில், வேன் வருவதற்கு வெகுநேரம் முன்பே மாரீஸ்வரி மகளைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிடுவாள். ஊர் பார்க்க வேண்டாமா? டை கோணினால் நேராக்குவாள், கோணாவிட்டாலும் நேராக்குவாள். வேன் போனபின்புதான் அவளுக்கு யோசனை ஓடும். நாலு வயதுப் பிள்ளை, மூத்திரம் வந்தால் சொல்லத் தெரியுமா, சோற்றை எவனாவது பிடுங்கித் தின்றுவிடுவானா? அப்படி ஒரு காலையில் கொடியின் அடித்தண்டுக்குப் பக்கத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது, தண்டுக்குள்ளிருந்து “குட் மார்னிங் மிஸ்” என்று முப்பது பிள்ளைகள் சொன்னது கேட்டது. காதை வைத்துப் பார்த்தாள். பெஞ்சு இழுபடும் சத்தம், டிபன் மூடி விழும் சத்தம், தன் பிள்ளை மூக்கை உறிஞ்சும் சத்தம் எல்லாம் துல்லியமாக வந்தன. தண்டில் வாயை வைத்து, “ஆத்தா, அழாத. அம்மா இங்கனதான் இருக்கேன்” என்றாள். அங்கே ஜன்னலோர இலை அசைந்தது. அனுசுயா அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள், அழுகை நின்றது.

மறுநாள் ஏலத் தோட்டத்து ஜீப் மாரீஸ்வரி இல்லாமல் போனது, அதற்கு மறுநாளும் போனது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தண்டோரம் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். தண்ணி குடிச்சியா, அந்தப் பயகிட்ட ரப்பரக் குடுக்காத, மிஸ் பாக்குறாக நேரா உக்காரு என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் வேலிக்கு அந்தப்புறம் நின்று, “ஒரு பீஸக் கட்டிப்புட்டு ரெண்டு பேரு படிக்கிறீக, பெரிய வீட்டுக்காரிதான்டி நீ” என்று கேலி செய்தாள். மாரீஸ்வரிக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குள் ஏ, பி, சி, டி முழுக்க அவளுக்கு வந்திருந்தது.

வீட்டில் அனுசுயா வாயாடி. கோழியோடு சண்டை போடுவாள், கடைக்காரரிடம் பேரம் பேசுவாள். பள்ளியில் மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கினாள். பழ தினம் என்று வைத்து அவளைத் திராட்சை வேடத்தில் அனுப்பச் சொன்னார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் தேனியில் வாடகைக்கு உடுப்பு எடுத்தார்கள். மாரீஸ்வரிக்கு அது அவமானமாகப்பட்டது. சுருளிப்பட்டிக்காரி பிள்ளைக்குப் பலூனில் திராட்சையா? கவுன் முழுக்க அசல் பன்னீர்த் திராட்சையைக் கொத்துக் கொத்தாகத் தைத்து அனுப்பினாள். கனம் தாங்காமல் பிள்ளை உட்காரவும் முடியாமல் நின்றது. மதியத்துக்குள் வகுப்பே சூழ்ந்து நின்று அவளைத் தின்று முடித்தது. அப்போதும் அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இலையைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்டோரம் உட்கார்ந்து மாரீஸ்வரிதான் பல்லைக் கடித்தாள்.

பொங்கல் முடிந்து பள்ளி முதல்வர் பிலோமினா இரண்டு பேரையும் வரச் சொன்னார். தங்கமான மனுஷி, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துத்தான் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீக. பிள்ளை இங்கன வந்து இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ஆண்டு விழா வரைக்கும் பாப்போம். அப்பவும் பேசலைன்னா எல்.கே.ஜி.யையே இன்னொரு வருசம் படிக்கட்டும்.” மாரீஸ்வரிக்கு எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டுமே என்பதுகூடப் பிறகுதான் தோன்றியது. கூடப் படித்ததெல்லாம் மேலே போக, தன் மகள் மட்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெளியே வரும்போது ஈஸ்வரபாண்டி கைகழுவும் குழாயடியில் குனிந்து மண்ணைக் கிளறினார். கொடி அங்கே தரையைத் தொட்டு வெள்ளை வேர் விட்டிருந்தது. “பதியன் பிடிச்சிருச்சு” என்றார். “பெறகு ஏங்க ஒரு காய்கூட இல்ல?” என்று அவள் கேட்டாள். “தாய்க்கொடி தண்ணி குடுத்துக்கிட்டே இருக்குல்ல. வெட்டி விட்டாத்தான் தன் வேர்ல நிக்கும், காய்க்கும்” என்றார். தொழிலில் உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் மாரீஸ்வரி பக்கெட் மேல் உட்கார்ந்தாள், ஆனால் பேசவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். மிஸ் ஏதோ கேட்டார். பிள்ளைக்கு விடை தெரியும், முதல் நாள் ராத்திரி வீட்டில் கத்திக் கத்திச் சொன்னதுதான். ஆனால் மூச்சு மட்டும்தான் வந்தது. அம்மா சொல்வாள் என்று இலையோரம் காத்துக்கொண்டிருக்கிற மூச்சு. “அனுசுயா, அந்த எலைய விடும்மா. என்னையப் பாரு” என்று மிஸ் கெஞ்சினார். மாரீஸ்வரி எழுந்து போய்க் கணவரின் கவாத்துக் கத்திரியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். ஊர்க் கொடியையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய மனிதர் கத்திரியைத் தண்டில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். என்னால ஆகாது புள்ள என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் தண்டில் வாயை வைத்தாள். “ஆத்தா, இனி அம்மா பேச மாட்டேன். என்ன வேணுமோ, அங்கன இருக்கவுககிட்ட வாயத் தொறந்து கேளு. நீ கேப்ப, எனக்குத் தெரியும்.” சொல்லிவிட்டு வெட்டினாள். வெட்டுவாயிலிருந்து கொடித் தண்ணீர் சொட்டி, கீழே நிமிர்த்தி வைத்த பக்கெட் சாயங்காலத்துக்குள் நிறைந்தது. பிள்ளை சாப்பிட்டதா அழுததா என்று ஒன்றும் தெரியாத முதல் பகல் அது, அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள்.

வேன் வந்தது. டிரைவர் விஜயபாண்டி இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். “அக்கா, ஒங்க மக இன்னைக்கு வாயத் தொறந்தது இன்னும் மூடல” என்றார். அனுசுயா தொண்டை கட்டிப்போய் இறங்கினாள். என்ன ஆத்தா பேசின என்று கேட்டதற்கு, “மொத தண்ணி வேணும்னேன். பெறகு எல்லாம் பேசினேன்” என்று கரகரத்த குரலில் சொன்னாள். மாரீஸ்வரி அவளைத் தூக்கிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். வீடு எதிர்ப்பக்கம் இருந்தது, அது பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆண்டு விழாவில் அனுசுயா வரவேற்புரை சொன்னாள். அந்த உடுப்புக்கும் பள்ளியில் தனியாகப் பணம் வாங்கினார்கள், இவர்களும் கட்டினார்கள். சொல்லி முடித்த பிறகும் மைக்கை விடவில்லை. அந்தா இருக்காகளே அதுதான் எங்கப்பா, அவுகதான் இந்த ஊர்க் கொடிக்கெல்லாம் முடி வெட்டுறவுக, பக்கத்துல எங்கம்மா என்று கையை நீட்டிக் காட்டினாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஈஸ்வரபாண்டி பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத மனிதரின் கையைப் பிடித்து, எம் மகங்க, எம் மக என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கோடையில் பள்ளிக்கொடி சரம் சரமாகக் காய்த்தது. யு.கே.ஜி. கட்டணத்தில் ‘திராட்சைப் பராமரிப்பு’ என்று ஒரு வரி கூடியது. அடுத்த ஜூனில் அனுமந்தன்பட்டியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் சில கொடிகள் வேன்களுக்குப் பின்னால் கிளம்பின. கருத்தக்கண்ணன் இப்போது கயிற்றுச் சுருளை வண்டியிலேயே வைத்திருக்கிறார். எப்போது வெட்டலாம் என்று கேட்டுத் தாய்மார்கள் மாரீஸ்வரியைத் தேடி வருகிறார்கள், ஏலத் தோட்டத்து ஜீப் ஏறுவதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு. அவள் அவர்களைத் தன் வீட்டு வெட்டுத்தண்டிடம் கூட்டிப்போய், காதை வைத்துப் பார்க்கச் சொல்கிறாள். வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு சத்தமும் கேட்பதில்லை. “பாத்தீகளா, எம் மக எப்படிப் படிக்கிறான்னு” என்கிறாள்.