கடல் மெத்தை

பாலுசாமியின் பங்களாவில் எந்தப் பொருளுக்கும் அவர் சொல்வதுதான் பெயர். இந்த விதியை யாரும் எழுதி வைத்ததில்லை. சிங்காநல்லூரில் அவருடைய பம்ப்செட் தொழிற்சாலையை அண்டிப் பிழைப்பவர்கள் எவரும் மீறியதுமில்லை.

சென்ற ஆண்டு அவர் சூட்டிய பெயர் ‘கடல் மெத்தை’. மத்தியதரைக் கடலோரப் பாறை இடுக்குகளில் முள்ளும் இலையுமாகத் தரையோடு படர்ந்து பல்லாண்டு வாழும் செடி அது. உப்புக்காற்றும் பட்டினியும் அதற்குப் போதும். பாலுசாமியோ அதை விமானத்தில் வரவழைத்து, செயற்கைப் பாறை அடுக்கி நட்டு, மஞ்சள் பயிருக்குக் கொடுப்பதுபோல் சாணமும் சொட்டுநீரும் கொடுக்கச் சொன்னார். ஐந்து தலைமுறை விவசாயத்தில் அவர் குடும்பம் கற்றுக்கொண்டது, கேட்காததற்கும் ஊட்டுவதை மட்டுமே.

“தண்ணி வேண்டாமுங்க, வேரு அழுகிப்போகுமுங்க” என்றாள் தோட்டக்காரி மாசாணம்.

“நீ எந்தக் கடலப் பாத்த? ஊத்து. செத்துச்சுன்னா ரூமக் காலி பண்ணிக்க.”

மோட்டார் கொட்டகையை ஒட்டிய அந்த ஒற்றை அறையை விட்டால் மாசாணத்துக்குப் போக்கிடமில்லை. ஐப்பசி மழையில் செடி அழுகியது. பாலுசாமி வெளியூர் போயிருந்த நாளில் அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தெருமுனைக் காலிமனையிலிருந்து நெருஞ்சியைப் பெயர்த்துவந்து பதித்தாள். அதுவும் முள்தான், அதுவும் தரையோடு படர்வதுதான். பாலுசாமிக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் செருப்பில்லாமல் நடந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

தை மாதத்தில் விருந்து வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் தோட்டங்காட்டில் பிறந்தவர்கள். சிறுவயதில் குதிகாலில் நெருஞ்சி தைத்து நொண்டியவர்கள். பார்த்த கணத்திலேயே அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

“என்ன அம்சமுங்க! ஃபாரின் ஃபாரின்தானுங்க” என்றார் அவருடைய பம்ப்புகளுக்கு இரும்பு வார்த்துக் கொடுத்துப் பிழைக்கும் கதிர்வேல்.

“ரோஸ் கலர்ல பூக்கும்னாங்க. இது மஞ்சளாப் பூத்திருக்குதே?” என்று பாலுசாமி இழுத்தார்.

“நம்ம சிறுவாணித் தண்ணிங்க. கலரு மாறிப்போச்சுங்க” என்றார் கதிர்வேல்.

எல்லாரும் தலையாட்டினர். ஒருவர் அந்தக் களைக்குப் பக்கத்தில் குந்தி செல்ஃபி எடுத்துக்கொண்டார். அத்தனை வேட்டிகளுக்குக் கீழே ஒரு குதிகாலாவது கூசியிருக்க வேண்டும், கூசவில்லை.

உச்சி குளிர்ந்த பாலுசாமி அறிவித்தார்: “ஊட்டியில இருந்து படிச்ச ஆளு ஒருத்தன் வாரானுங்க. இனி அவன்தான் இதப் பாப்பான். மாசாணம், மாசக் கடைசியில ரூமக் காலி பண்ணிரு. உனக்கு இதோட அருமை தெரியாது.”

மாசாணம் கையிலிருந்த பழத்தட்டைக் கீழே வைத்தாள். பாறைமேல் ஏறி, களை பறித்துப் பழகிய வெறுங்கையால் ஒரு கொடியைப் பிடுங்கிவந்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

“இது நெருஞ்சிங்க. உங்க கடல் மெத்தை ஐப்பசியிலயே செத்துப்போச்சுங்க. தண்ணி ஊத்தியே கொன்னுபோட்டது நீங்கதானுங்க. இங்க நிக்கிற அத்தன பேருக்கும் இது தெரியுமுங்க. கேட்டுப் பாருங்க.”